கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பொட்டு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி சரோஜா, டிரைவர் மாதேசன், மெக்கானிக் நியாஸ் பாய். இவர்களைத் தவிர ஒரு மாடு. அது மைசூர் மண்டி மொஹல்லாவில் எல்லா ஷெட்டுக்கும் போய் வருகிற மாடு என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு, "நானும் அங்கதான் இருந்தேன், அப்பவே சொன்னேன்" என்று சொன்னவர்கள் எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டுப் பேர். ஒருவரும் இல்லை. நான்கு பேர், ஒரு மாடு. அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை. நியாஸ் பாயின் ஷெட் என்று சொல்கிறோமே தவிர, அது இரண்டு கடைகளுக்கு நடுவில் தகரம் போட்ட ஒரு சந்து. லாரியின் மூஞ்சி மட்டும் உள்ளே இருக்கும். உடம்பு தெருவில் நிற்கும். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரனில் கையை வைத்தபடியே திட்டுவார்கள். டீசல் நாற்றத்துக்கு நடுவே எங்கிருந்தோ காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வரும். அந்த வாசனை வந்தாலே நான் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். காரணம் பின்னால் வரும்.

நியாஸ் பாய் ஒரு பழைய செய்தித்தாளைப் பிரித்து அந்த உருப்படியை என் கையில் வைத்தார். மேலே அலுமினியத் தலை, கீழே உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடிக் கிண்ணம், அடியில் ஒரு குட்டித் திருகு. டேங்கிலிருந்து வருகிற டீசல் முதலில் இதற்குள் இறங்கும். தண்ணீரும் துருவும் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். நல்ல டீசல் மட்டும் மேலே ஏறி என்ஜினுக்குப் போகும். அடியில் தண்ணீர் சேர்ந்தால் திருகைத் திருப்பிக் கீழே விட்டுவிடலாம். கண்ணாடி என்பதால் எதையும் கழற்றாமல் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

பார்க்கலாம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

"ஏற்கெனவே ரெண்டு ஃபில்டர் இருக்கு அண்ணா. இது எதுக்கு?" என்றார் நியாஸ் பாய்.

"இருக்கட்டும் பாய். இன்னொண்ணு."

"இது வண்டிக்கா, உங்க மனசுக்கா?"

சரோஜா சிரித்தாள். மாதேசன் சிரித்தான். மாடு மட்டும் சிரிக்கவில்லை.

சிக்கண்ணாவின் காப்பி

சிரித்தவர்களுக்கு என்ன, லாரி என்னுடையது. இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு இருப்பது ஒரே லாரி, ஆறு சக்கரம், மூன்று கை மாறி என்னிடம் வந்தது. டேங்குக்கு உள்ளே துரு. தட்டினால் சட்டிக்குள் மணல் கொட்டுகிற மாதிரி சத்தம் வரும். அந்த மழைக்காலத்தில் மட்டும் இரண்டு தடவை நடு ரோட்டில் நின்றுவிட்டது. ஒரு தடவை கொள்ளேகால் தாண்டி, ஒரு தடவை ஹனூருக்கு முன்னால். இரண்டு தடவையும் டீசலில் அழுக்கு.

இரண்டு தடவையும் ஏற்றியிருந்தது சிக்கண்ணாவின் தக்காளி. சிக்கண்ணா மண்டி மொஹல்லாவில் ஆபீஸ் வைத்திருக்கும் காய்கறித் தரகர். நஞ்சன்கூடு ரோட்டு மார்க்கெட்டில் ஏற்றி, மாதேஸ்வரன் மலை வழியாகப் பாலாறு தாண்டி, சேலத்தில் இறக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு லோடு நிச்சயம். அந்த நிச்சயத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது, மகள் கல்லூரிக்குப் போகிறாள், லாரிக்கு வாங்கிய கடன் அடைகிறது. வேறு லோடு எதுவும் நிச்சயம் இல்லை.

இரண்டாவது தடவை நின்றபோது சிக்கண்ணா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை. "இன்னொரு வாட்டி நின்னா நாம கணக்கு முடிச்சுக்கலாம் பழனி" என்றார்.

வெளி ஆளுக்கு இது சாதாரணப் பேச்சாகத் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை. சிக்கண்ணா யாருக்குமே வாடகையை முழுசாகக் கொடுத்ததில்லை. ஆயிரமோ ஐநூறோ நிறுத்தி வைப்பார். அடுத்த லோடில் அதைக் கொடுத்துவிட்டு வேறொன்றை நிறுத்துவார். லாரிக்காரர்கள் எல்லாரும் அதற்காக அவரைத் திட்டுவோம். ஆனால் ஒரு லாரி வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டால், அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பியும் செட் தோசையும் வாங்கிக் கொடுத்து, பழைய பாக்கி எல்லாவற்றையும் ஒரு ரூபாய் விடாமல் கையில் கொடுப்பார். அதோடு சரி. அதற்கப்புறம் அவர் போனே வராது.

ராஜண்ணா என்று ஒருவர் என்னோடு லோடு அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஆபீஸிலிருந்து வெளியே வந்து, "முழுசாக் கொடுத்துட்டார்ப்பா, தோசை வேற" என்று சந்தோஷமாகச் சொல்லி எங்களுக்கெல்லாம் மைசூர் பாக்கு வாங்கிக் கொடுத்தார். நாங்கள் அதை வாயில் போட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றோம். அடுத்த மாதம் அவர் லாரி விற்பனைக்கு நின்றது.

வாயில் டீசல்

டீசல் அழுக்கு என்றால் எனக்கு ஏன் இத்தனை நடுக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஒரு லாரியில் கிளீனராக ஏறினேன். பள்ளிக்கூடத்தை ஏன் நிறுத்தினேன் என்பது வேறு ஒரு வாரத்துக்கான கதை. அதிலும் பயம்தான் காரணம், வேறு பயம். அந்த லாரி டிரைவர் பேர் சொல்ல வேண்டாம், நல்ல மனுஷர், ஆனால் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். வண்டி நின்றால் என்னைக் கீழே தள்ளுவார். டேங்கிலிருந்து வருகிற ட்யூபைக் கழற்றி, வாயை வைத்து உறிஞ்சி, அடைப்பை எடுக்க வேண்டும்.

முதல் இழுப்பில் ஒன்றும் வராது. இரண்டாவதில் ஒன்றும் வராது. மூன்றாவதில் மொத்தமும் தொண்டையில் வந்து இறங்கும். அன்றைக்குச் சாப்பிடுகிற சோறு, குடிக்கிற டீ, போடுகிற வெற்றிலை எல்லாமே டீசல். மறுநாள் காலையில் பல் விளக்கினாலும் டீசல்தான்.

சரோஜாவைப் பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான். பஜ்ஜி கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தேன். பஜ்ஜி நன்றாக இல்லை என்று நினைத்து என் மாமியார் பல வருஷம் மனதில் வைத்திருந்தார். டீசல் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. எங்கள் வீட்டில் நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை, அது தனிக் கதை.

ஆகவே மூன்றாவது ஃபில்டர்.

கேட்கலாம், தொடக் கூடாது

வண்டியின் இரும்புச் சட்டத்தில் இரண்டு துளை போட்டு, டேங்குக்கும் பம்புக்கும் நடுவில், டிரைவர் பக்கம், கண்ணில் படுகிற இடத்தில் கிண்ணத்தைப் பொருத்தினார் நியாஸ் பாய். பாதி வேலையில் டீக்குப் போனார். வந்து க்ளிப் வாங்கப் போனார். க்ளிப்போடு வந்தவர் ட்யூபை அளந்து பார்த்துவிட்டு, நீளம் போதாது என்று மறுபடி போனார். ஒவ்வொரு தடவை அவர் திரும்பி வரும்போதும் நான் கிண்ணத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, கை எடுங்க."

"லூசா இருக்கா பாய்?"

"நீங்க இப்பிடி ஆட்டினா லூஸ் ஆகும். போன வாட்டி என்ன ஆச்சு? நல்லா இருந்த ஃபில்டரை, உள்ளே எப்பிடி இருக்கு பாக்கறேன்னு திறந்தீங்க. காத்து புகுந்துடுச்சு. பாதி நாள் காத்து எடுத்தேன் நான்."

"பாக்காம எப்பிடி பாய் தெரியும்?"

"அதுக்குத்தானே இந்தக் கண்ணாடி. கேளுங்க: மாதேசன் பாப்பான். தண்ணி இருந்தா அவன் திறந்து விடுவான். நீங்க அவன்கிட்ட எத்தனை வாட்டி வேணா கேக்கலாம். தொடக் கூடாது. தொட்டா இனிமே இந்த வண்டி என் ஷெட்டுக்கு வர பேடா, வேண்டாம்."

சரோஜாவை சாட்சிக்குக் கூப்பிட்டு என்னிடம் சத்தியம் வாங்கினார். ஒரு மெக்கானிக், லாரி முதலாளியிடம், முதலாளியின் லாரியைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்குகிறார். நானும் செய்து கொடுத்தேன்.

மத்தியானத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். அதற்கப்புறம் நடந்ததில் அவருக்குச் சம்பந்தமில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

புது உருப்படி என்றால் பூஜை இல்லாமல் வண்டி நகராது. சரோஜா தட்டு, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை எல்லாம் கொண்டு வந்திருந்தாள். மாதேசன் விடியற்காலையிலேயே ஹோஸ் பைப் பிடித்து வண்டியைத் தலை முதல் கால் வரை குளிப்பாட்டியிருந்தான். என்னை எலுமிச்சம்பழம் வாங்க அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தச் சந்தில் எலுமிச்சம்பழத்துக்கு என்ன விலை சொல்வார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை.

திரும்பி வந்தபோது சூடம் எரிந்து முடிந்திருந்தது. கிண்ணத்தைச் சுற்றி மல்லிகைச் சரம் அடர்த்தியாகத் தொங்கியது. பூவுக்குள் கிண்ணம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தொட்டுப் பார்க்க முடியாது, சத்தியம். டயருக்கடியில் பழத்தை வைத்து நசுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

என்ன கலர்?

அடுத்த லோடு திங்கட்கிழமை. நான் கூடப் போவதாகச் சொன்னேன். சரோஜா வேண்டாம் என்றாள், மாதேசன் வேண்டவே வேண்டாம் என்றான். போனேன்.

சிக்கண்ணாவின் தக்காளியை ஏற்றி, வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, இருட்டுவதற்குள் பாலாறு சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும். அந்தப் பக்கம் காடு. சட்டம் நான் போட்டது. அதை வைத்து மாதேசன் என்னைக் கிண்டல் செய்யாத பயணம் இல்லை.

கொள்ளேகாலில் டீக்கு நிறுத்தினோம். நான் இடது பக்க சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் கை கிண்ணத்துக்குப் போய்விடும் என்று எனக்கே தெரியும்.

"மாதேசா, கிண்ணத்தைப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். "பாத்தாச்சுங்க."

"என்ன கலர்?"

"மஞ்சளா இருக்குதுங்க."

மனது குளிர்ந்தது. நல்ல டீசல் வெளுத்த மஞ்சளாகத்தான் இருக்கும். துரு கலந்தால் செம்மண் நிறம், தண்ணீர் என்றால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மஞ்சள் என்றால் கவலையில்லை.

ஹனூரில் மறுபடி கேட்டேன். "மஞ்சளுங்க." கவுதள்ளி தாண்டி அவன் ஒதுங்க இறங்கியபோது கேட்டேன். "அதே மஞ்சள்தானுங்க." கொஞ்ச தூரம் போய் நான் வாயைத் திறக்கும்போதே, "மஞ்சளுங்க மொதலாளி, நிறுத்தாமயே சொல்றேன்" என்றான்.

எனக்கு ரோஷம் வந்தது. "கேக்கறதுல என்னடா தப்பு?"

"தப்பில்லீங்க. கல்யாணமான புதுசுல என் சம்சாரத்தை எங்கம்மா இப்பிடித்தான் கேப்பாங்க, கொழம்புல உப்புப் போட்டியா போட்டியான்னு. அவ ஒரு நாள் நாலு தடவை போட்டுட்டா."

மலையில்

மலை ஏற ஆரம்பித்து நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியிருப்போம். வண்டி முதலில் இருமியது. அப்புறம் ஆக்சிலேட்டரை மிதித்தால் மிதித்த அளவுக்கு வேகம் வரவில்லை. மாதேசன் கியரை இறக்கினான். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, வெள்ளையாகப் புகை விட்டு, ஒரு வளைவுக்குச் சற்று மேலே நின்றது.

நான் இறங்கிக் கல்லை எடுத்து டயருக்குப் பின்னால் வைத்தேன். சத்தியத்தில் கல் சேராது.

மலைச்சரிவில் மூங்கில் உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பின்னாலிருந்து தக்காளி வாசனை வந்தது. கொஞ்சம் நேரம் வெயிலில் நின்றாலே கூடைகளுக்குள் இருந்து ஒரு புளித்த சூடு கிளம்பும். அதை மோந்ததும் எனக்குச் சிக்கண்ணாவின் ஆபீஸ் மேஜையும், மேஜை மேல் செட் தோசையும் தெரிந்தன. சட்னி கூடத் தெரிந்தது.

டிரைவர் பக்கம் போனேன். மல்லிகை எப்போதோ உதிர்ந்து, காய்ந்த நார் மட்டும் தொங்கியது. அதற்குப் பின்னால் கிண்ணம்.

கிண்ணம் என்று எதுவும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்கச் சுற்றிலும், ஒரு விரல் இடம் விடாமல், மஞ்சள் பூசியிருந்தது. மூன்று நாள் வெயிலில் காய்ந்து சுவர் மாதிரி ஆகியிருந்தது. அதன் மேல் விபூதிப் பட்டை. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

"மாதேசா."

"சொல்லுங்க."

"இது என்ன?"

"மஞ்சளுங்க."

"நீ காலையிலேர்ந்து மஞ்சள் மஞ்சள்னு சொன்னது இதையா?"

"நீங்க என்ன கலர்னு கேட்டீங்க. கிண்ணம் மஞ்சளாத்தானுங்க இருக்குது."

"உள்ளே இருக்கிற டீசலைக் கேட்டேன்டா."

"உள்ளே எங்கீங்க தெரியுது, இத்தனை மஞ்சள் பூசியிருக்குதே."

நான் பக்கத்தில் கிடந்த ஒரு கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். பார்ப்பதற்காக வாங்கின கண்ணாடி. பார்க்க முடியாதபடி பூசி, பார்த்தாயா பார்த்தாயா என்று மூன்று ஊரில் கேட்டு, பார்த்தேன் பார்த்தேன் என்று மூன்று ஊரில் பதில் வாங்கி இங்கே வந்து நிற்கிறோம்.

"யாருடா இவ்வளவு பூசினது?"

"அக்கா பொட்டு மட்டும்தான் வெச்சாங்க. புது உருப்படி, மொத தடவை, முழுசாப் பூசினாத்தான் நல்லதுன்னு நான் பூசினேன். பட்டை, போன அமாவாசைக்கு மலைக்கு வந்தப்ப வாங்கின விபூதிங்க."

"சரி. துடை."

அவன் இரண்டடி பின்னால் போனான். "நான் மாட்டனுங்க."

"ஏன்?"

"மாதேஸ்வரன் மலை மேல நின்னுக்கிட்டு, மாதேஸ்வரன் விபூதியை, மாதேசன்னு பேர் வெச்சவனையே தொடைக்கச் சொல்றீங்க. நீங்க தொடைங்க."

நான் கையை நீட்டினேன். நீட்டிய கை நடுவழியில் நின்றது. நியாஸ் பாயிடம் செய்த சத்தியத்தால் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பொட்டை அழிக்க எனக்கும் தைரியம் வரவில்லை. இரண்டு பெரிய ஆண்பிள்ளைகள், மலை வளைவில், ஒரு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

சரோஜா சொன்னது

மலையில் போன் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒரு வளைவு கீழே நடந்து, தடுப்புச் சுவர் மேல் ஏறி நின்றபோது சிக்னல் ஒரு கோடு கிடைத்தது. சரோஜாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது நல்லதுக்கில்லை.

"ஏனுங்க, பாக்கறதுக்குன்னுதானே கண்ணாடியில வாங்கினீங்க?"

"ஆமா."

"மூணு நாளா வீட்டு வாசல்ல நின்னுது. ஒருத்தரும் பாக்கல."

"தொடக் கூடாதுன்னு சத்தியம்..."

"தொடக் கூடாதுன்னாரு. கண்ணை மூடிக்கச் சொன்னாரா?"

"இப்ப அதைத் துடைக்கலாமா கூடாதா, அதைச் சொல்லு."

"பொட்டைத் தொடைக்கக் கூடாது."

"அப்பறம் என்ன செய்யறது? லோடு போச்சுன்னா சிக்கண்ணா..."

"கத்தாதீங்க. கோயில்ல சாமிக்குப் பூசின மஞ்சளைத் துணி போட்டுத் தொடைப்பாங்களா? அபிஷேகம் பண்ணுவாங்க. அதுவாக் கரைஞ்சு போகும். தண்ணி பாட்டில் இருக்குதில்ல? கும்பிட்டுட்டு ஊத்துங்க."

சுவர் மேலிருந்து இறங்கி ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் மாதேசன் முகம் தெளிந்தது. "அதானே" என்றான், ஏதோ அவனுக்கு முன்பே தெரிந்தது போல. செருப்பைக் கழற்றினான். பாட்டில் தண்ணீரை மெதுவாகக் கிண்ணத்தின் மேல் விட்டான். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். டீசலுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று வாங்கின சாமான் மேல் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு, உள்ளே போய்விடக் கூடாது, உள்ளே போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் ஊறி, கோடு கோடாக இறங்கி, சட்டத்தின் வழியாக ரோட்டில் சொட்டியது. கண்ணாடி தெரிந்தது.

உள்ளே முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். அடியில் புளிக்கரைசல் மாதிரி துரு. மேலே மோதிரக் கனத்துக்கு டீசல்.

சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது சரி. மூன்றாவது ஃபில்டர் வேண்டும் என்று சொன்னேனா இல்லையா? இவ்வளவு அழுக்கையும் அது பிடித்து வைத்திருந்தது. யாராவது பார்த்திருந்தால் கொள்ளேகாலிலேயே திருகைத் திறந்து விட்டிருக்கலாம். கிண்ணம் நிறைந்த பிறகு அதுதான் என்ன செய்யும், மேலே வருவதை அப்படியே அனுப்பியிருக்கிறது.

மாதேசன் திருகைத் திறந்தான். நான் காலி பாட்டிலைக் கீழே பிடித்து அந்த அழுக்குத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டேன்.

"இது எதுக்குங்க?"

"நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க. சாட்சிக்கு."

பழைய இரண்டு ஃபில்டரிலும் தேங்கியதை விட்டு, கைப்பம்பை அடித்து அடித்து காற்றை எடுத்து, வண்டி உறுமியபோது மலை நிழலாகிவிட்டது. கூடைகளுக்கு அடியிலிருந்து சிவப்பாகச் சொட்ட ஆரம்பித்திருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக விளக்குப் போட்டுக்கொண்டு பாலாற்றைத் தாண்டினேன். சாவடிக்காரர், "ஏன் லேட்டு?" என்று கேட்டார். "அபிஷேகம்" என்றான் மாதேசன். அவர் மலைக் கோயிலுக்குப் போய் வருகிறோம் என்று நினைத்து வழிவிட்டார்.

சேலத்தில் முதல் வியாபாரம் முடிந்திருந்தது. தக்காளி மிச்ச சரக்கு விலைக்குத்தான் போயிற்று.

அடுத்த வெள்ளி

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை நியாஸ் பாய் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தார். டேங்க் மூடிக்கு உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் இல்லை. மாதேசன் பூஜைக்காக ஹோஸ் பிடித்தானே, அந்தத் தண்ணீர்தான். பூஜைக்குக் குளிப்பாட்டியதில் தண்ணீர் உள்ளே போயிற்று, பூஜைக்குப் பூசியதில் அது தெரியாமல் போயிற்று.

"வாஷர் இல்லேன்னு உங்களுக்குத் தெரியாதா பாய்?"

"நீங்க ஃபில்டர் போடச் சொன்னீங்க. மூடியைப் பாக்கச் சொன்னீங்களா? ஆனா ஒண்ணு அண்ணா, இந்தக் கிண்ணம் இல்லேன்னா பம்ப்பே போயிருக்கும்."

"இதை என் வீட்டுல வந்து சொல்லுங்க பாய்." இன்று வரை வந்து சொல்லவில்லை.

அப்போதுதான் சிக்கண்ணாவின் போன். "நாளைக்கு வா பழனி. கணக்குப் பாக்கணும்."

அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. லாரியை யாருக்கு விற்கலாம், மகளின் பீஸுக்கு யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "பணம் தர்றேன்னு கூப்பிட்டா பயந்து நடுங்கற ஆளு இந்த மைசூர்லயே நீங்க ஒருத்தர்தான்."

மறுநாள் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் ஆபீஸுக்குக் கீழேதான் அந்தக் காப்பிக்கொட்டைக் கடை. படியில் ஏறும்போதே வறுக்கிற வாசனை. அந்த வாசனையோடு அந்தப் படியில் நான் ஏறியது எப்படி என்று எனக்குத்தான் தெரியும்.

"கூத்கோ பழனி" என்றார். உட்கார்ந்தேன். எதிர்க் கடையைப் பார்த்துக் கையை உயர்த்தி, "ரெண்டு காப்பி" என்றார்.

தோசை சொல்கிறாரா என்று அவர் வாயையே பார்த்தேன். சொல்லவில்லை. சில சமயம் தோசை பிற்பாடும் வரும்.

பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இது என்ன, மலைத் தீர்த்தமா?"

நடந்ததை முழுவதும் சொன்னேன். மஞ்சள், மாதேசன், அபிஷேகம், ரப்பர் வாஷர். இப்போது புது வாஷர் போட்டாயிற்று, இனிமேல் வராது, வந்தாலும் தெரியும், மாதேசனை மட்டும் கேட்காமல் நானே பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். துரு மேலே எழும்பி மெதுவாக இறங்கியது.

"இத்தனையும் அந்தக் கிண்ணம் பிடிச்சுதா?"

"ஆமாங்க."

டிராயரைத் திறந்தார். கெட்ட தக்காளிக்காகச் சேலத்து வியாபாரி பிடித்துக்கொண்டதை முதலில் கழித்தார். பிறகு நோட்டுகளை எண்ண ஆரம்பித்தார். பழைய பாக்கியை எடுத்து வைத்தார். இந்த லோடு வாடகையை எடுத்து வைத்தார். எனக்கு வர வேண்டியது மனப்பாடம். அவர் எண்ண எண்ண நானும் உள்ளுக்குள் எண்ணினேன். கட்டு உயர்ந்துகொண்டே போயிற்று. நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. காப்பி வந்தது. குடிக்கவில்லை.

முழுசுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் விரல் நின்றது. மிச்ச நோட்டுகளை மறுபடி டிராயரில் போட்டு மூடினார்.

"மீதி அப்புறம். திங்கட்கிழமை முட்டைக்கோசு இருக்கு. வண்டியைக் கழுவு, பூஜை பண்ணு, என்ன வேணா பண்ணு. கண்ணாடிக்குப் பக்கத்துல பொட்டு வை, கண்ணாடி மேல வேண்டாம்."

காப்பியை ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்தது. பரவாயில்லை.

சரோஜா இப்போதும் விடுவதில்லை. நம் காசை எதற்கு அவர் டிராயரில் விட்டு வைக்க வேண்டும், வாய் இல்லையா, போய்க் கேளுங்கள் என்கிறாள். அதற்கப்புறம் எத்தனையோ லோடு அடித்தாயிற்று, மற்றதெல்லாம் அவ்வப்போது வந்துவிடுகிறது, அந்த மீதியை மட்டும் நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். சில நாள் அவராக ஞாபகம் வந்து டிராயரைத் திறக்கப் போனால், அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து வந்துவிடுகிறேன்.

சிக்கண்ணா இன்றைய தேதி வரை எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து நானூறு ரூபாய்.